பெண்களுக்கு ஆண்ட்ரோஜன் மிகுதி: 5 பேரில் ஒருவருக்கா, 14 பேரில் ஒருவருக்கா?

சென்னையில் பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறைப் பற்றிய பேச்சு அடிபடாத வீடு இப்போது அபூர்வம். கல்லூரி விடுதியில் நாலு பெண்கள் சாப்பிட உட்கார்ந்தால் ஒருத்தியாவது "எனக்கும் இருக்கு" என்கிறாள். ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் நைட் ஷிப்டைக் காரணம் சொல்கிறார்கள், வீட்டில் பெரியவர்கள் பிராய்லர் கோழியைத் திட்டுகிறார்கள், கூடவே வாட்ஸப்பில் "5 பெண்களில் ஒருவருக்கு" என்று ஒரு படம் சுற்றுகிறது. இன்னொரு இடத்தில் 10 பேரில் ஒருவர் என்று படிக்கிறோம், டாக்டரிடம் கேட்டால் அவர் வேறு ஒரு எண் சொல்கிறார். எது சரி?

எல்லாமே சரிதான். ஆனால் அவை ஒரே விஷயத்தை எண்ணியவை அல்ல.

டிசம்பர் மழைக்கு மறுநாள் "சென்னையில் எத்தனை தெருவில் தண்ணீர் நின்றது" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கணுக்கால் நனைந்தாலே கணக்கு என்றால் ஒரு எண், முழங்கால் வரை இருந்தால்தான் கணக்கு என்றால் அதைவிடச் சின்ன எண், வீட்டுக்குள் ஏறினால்தான் என்றால் இன்னும் சின்ன எண். மழை அதேதான், வேளச்சேரியும் அதேதான், கோடு போடும் இடம்தான் மாறுகிறது. பிசிஓடி போன்ற, பெண்களின் ஆண்ட்ரோஜன் கோளாறுகளைப் பற்றிச் சொல்லப்படும் எண்களும் இப்படித்தான். ஆனால் எந்தக் கோட்டை எதற்காகப் போட்டார்கள் என்று புரிய, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஆண்ட்ரோஜன் பெண்ணுக்கும் வேண்டியதே

ஆண்ட்ரோஜன் என்பது ஒரு ஹார்மோன் வகைக்குப் பெயர், அதில் பிரபலமானது டெஸ்டோஸ்டிரோன். "ஆண் ஹார்மோன்" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அது பெண் உடம்பில் இருப்பதே தப்பு என்பதுபோல ஆகிவிட்டது. அது உண்மையில்லை. ஒவ்வொரு பெண்ணின் உடம்பும் தினமும் ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. கருப்பையின் இரண்டு பக்கமும் இருக்கும் சினைப்பைகள் கொஞ்சம், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கொஞ்சம், மீதியைத் தோல், கொழுப்பு போன்ற திசுக்கள் வேறு ஹார்மோன்களிலிருந்து மாற்றிக்கொள்கின்றன. பெண் ஹார்மோன் என்கிறோமே ஈஸ்ட்ரோஜன், அதை உடம்பு ஆண்ட்ரோஜனிலிருந்துதான் செய்கிறது. ஆண்ட்ரோஜன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் கிடையாது.

அளவில்தான் வித்தியாசம். வளர்ந்த ஆணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் இருக்கும், பெண்ணுக்குச் சுமார் 15 முதல் 70 (லேபுக்கு லேப் இந்த எல்லை கொஞ்சம் மாறும்). ஆண்ட்ரோஜன் மிகுதி என்று சொல்லப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த அளவு 150-ஐக்கூடத் தாண்டுவதில்லை, அதாவது ஆண்களின் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல் என்று வந்ததும் "நான் பெண்ணே இல்லையோ" என்று குமுறி அழும் இருபது வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம்.

கூடினால் வெளியே என்ன தெரியும்

தோலில் ஒரு நொதி இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றும். மோவாய், மேலுதடு, காதோரம், மார்பு நடுவே, தொப்புளுக்குக் கீழே உள்ள முடிவேர்கள் அதற்கு இணங்கி, பூனைமுடியாக இருந்ததைத் தடித்த கறுப்பு முடியாக வளர்க்கும். அதே ஹார்மோன் தலையில் நேரெதிராக வேலை செய்து, உச்சந்தலையில் முடியை மெலிய வைத்து வகிட்டை அகலமாக்கும். எண்ணெய் சுரப்பது கூடுவதால் 25, 30 வயதிலும் தாடை ஓரமாகப் பெரிய பெரிய பருக்கள் வரும். உள்ளே, முட்டை வெளியேறுவது தடைப்படுவதால் மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப் போகும், சிலருக்கு மாதக்கணக்கில் வராமலே இருக்கும்.

முகத்தில் தடித்த முடி வளர்வதைப் பற்றிச் சென்னைப் பெண்கள் முதலில் பேசுவது டாக்டரிடம் இல்லை, தெரு முனை பியூட்டி பார்லரில். புருவத்துக்கு நூல் போடும் அக்கா "மோவாய்க்கும் போட்டுடவா?" என்று தணிந்த குரலில் கேட்பார், அப்படியே அது மாதம் இரண்டு தடவை என்று வழக்கமாகிவிடும். நூல் போட்டதால்தான் முடி தடித்தது என்று சிலர் பிறகு வருந்துகிறார்கள். இல்லை, வேரிலிருந்து பிடுங்குவதோ ஷேவ் செய்வதோ புது முடியை உண்டாக்காது. நூல் போடட்டும், தாராளமாகப் போடட்டும். ஆனால் டாக்டரிடம் போகும்போது அதைச் சொல்லாமல் விட்டால், மழமழவென்று இருக்கும் முகத்தைப் பார்த்து அவர் "முடி வளர்ச்சி இல்லை" என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரி, நாம் கணக்கில் சேருவோமா மாட்டோமா என்பதையே மாற்றிவிடும்.

முடியை அளக்கவும் ஒரு முறை உண்டு. ஃபெர்ரிமன், கால்வே என்ற இருவர் 1961-இல் வகுத்தது. இப்போது உடம்பில் 9 இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மிகுதி என்பது இனத்துக்கு இனம் மாறும், ஏனென்றால் ஒரே அளவு ஹார்மோன் இருந்தாலும் கிழக்காசியப் பெண்களுக்கு முடி குறைவாகவும் நம் பக்கத்துப் பெண்களுக்குக் கூடுதலாகவும் தெரியும். இந்த மாதிரி முடி வளர்ச்சி இனப்பெருக்க வயதுப் பெண்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு உண்டு என்பது பொதுவான மதிப்பீடு.

இதுவரை பார்த்தது: ஆண்ட்ரோஜன் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. அது கொஞ்சம் கூடினாலே தோல், முடி, மாதவிடாய் மூன்றிலும் தெரியும்.

ஏன் கூடுகிறது

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் என்று ஒரு ஹார்மோன் வருகிறது. சினைப்பைக்குள் முட்டை வளரும் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன, அவற்றின் வெளி அடுக்கு எல்எச் சொல்கிறபடி ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கும், உள் அடுக்கு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எல்எச் அதிகமாக வந்தால் வெளி அடுக்கு அதிகமாகத் தயாரிக்கும், உள் அடுக்கால் அவ்வளவையும் மாற்ற முடியாது, மீதி ரத்தத்தில் கலந்துவிடும்.

இங்கேதான் இன்சுலின் நுழைகிறது. சர்க்கரை விஷயத்தில் மட்டும் கேள்விப்பட்ட இன்சுலினுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றும். தசையும் ஈரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காத நிலைக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். உடம்பு என்ன செய்கிறது, அதைச் சமாளிக்க இன்சுலினை இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. தசை கேட்காவிட்டாலும் சினைப்பை இன்சுலினை நன்றாகவே கேட்கும், கேட்டு ஆண்ட்ரோஜனை இன்னும் கூட்டும். அப்புறம் இன்னொரு வேலையும் நடக்கிறது: ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் வைத்திருக்கும் ஒரு புரதத்தை ஈரல் செய்கிறது. இன்சுலின் கூடினால் ஈரல் அந்தப் புரதத்தைக் குறைத்துவிடும். பிடிபடாமல் சுற்றும் டெஸ்டோஸ்டிரோன்தான் முடிவேர்மீது வேலை செய்வது, அதன் அளவு ஏறிவிடுகிறது. இதனால்தான் ரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் நார்மல் என்று வந்தும் சிலருக்கு முகத்தில் முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இன்சுலின் எதிர்ப்புக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு அடையாளம் உண்டு. பின்கழுத்தில், அக்குளில் தோல் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணிபோல லேசாகத் தடித்து இருக்கும். கவரிங் செயின் போட்டதால் வந்தது என்று நினைத்து எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்ப்பார்கள், பயத்தமாவு போட்டுத் தேய்ப்பார்கள், சின்னப் பிள்ளையாக இருந்தால் "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதே இல்ல" என்று திட்டும் விழும். அது அழுக்கு இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல் புண்ணாவதுதான் மிச்சம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி இருந்தால் சோப்பை மாற்றாமல் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள்.

பிராய்லர் கோழிக்கும் வருவோம். அது வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும், பலர் நினைப்பதுபோல ஹார்மோன் ஊசியால் இல்லை. மாதவிடாய் வராமை, சினைப்பையில் நிறையச் சிறு பைகள் என்ற இந்தக் கோளாறைச் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களிடம் கண்டு எழுதியது 1935-இல், நம் தெருக்களில் பிராய்லர் கடை வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடும், அதாவது பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எடை கூடினால் இன்சுலின் எதிர்ப்பு கூடி எல்லாமே மோசமாகும், அது உண்மை. ஆனால் ஒல்லியான பெண்களுக்கும் வரும், கணிசமானோருக்கு வருகிறது. "நீ இளைச்சா சரியாயிடும்" என்ற பதிலை 48 கிலோ பெண்ணிடம் சொல்லி அனுப்புவது அநியாயம்.

சுருக்கமாக, எல்எச், இன்சுலின் இரண்டும் சேர்ந்து சினைப்பையை அதிகம் தயாரிக்கவைக்கின்றன, ஈரல் அதைக் கட்டுப்படுத்துவதைக் குறைத்துக்கொள்கிறது.

ஸ்கேனில் தெரிவது கட்டியா

பெண்களில் ஆண்ட்ரோஜன் கூடுவதற்கு மிகப் பெரிய காரணம் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்). பிசிஓடி என்று நாம் சொல்வதும் அதையேதான், "பிசிஓடி லேசானது, பிசிஓஎஸ் கடுமையானது" என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களுக்கு மருத்துவ வழிகாட்டுதல்களில் இடமில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வலது சினைப்பை இத்தனை சிசி, இடது இத்தனை சிசி, ஓரமாகச் சின்னச் சின்னப் பைகள் வரிசையாகத் தெரிகின்றன என்று இருக்கும். வீட்டில் அது "கர்ப்பப்பையில நீர்க்கட்டி" என்று ஆகிவிடுகிறது. முதலில் அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். இரண்டாவது, அவை கட்டிகளே இல்லை. மேலே சொன்ன முட்டைப் பைகள்தான், வளர ஆரம்பித்து, முட்டையை வெளியே விடும் அளவுக்குப் போகாமல் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றவை. வெட்டி எடுக்கவோ கரைக்கவோ அங்கே ஒன்றுமில்லை. "21 நாளில் நீர்க்கட்டி கரையும்" என்று பொடி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, மாதவிடாய் சீராக வந்து, முடியோ பருவோ இல்லாத எத்தனையோ ஆரோக்கியமான இளம் பெண்களுக்கும் ஸ்கேனில் இதே தோற்றம் இருக்கும். ஸ்கேன் மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. பூப்படைந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து முடிவு செய்யவே வேண்டாம் என்பது சர்வதேச வழிகாட்டுதல், ஏனென்றால் அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். பதினைந்து வயதுப் பெண்ணை வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போய், பிசிஓடி என்ற முத்திரையோடு திரும்பக் கூட்டிவரும் குடும்பங்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, எத்தனை பேருக்கு

இப்போது கோடுகளுக்கு வருவோம். மூன்று அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள்: முட்டை சரியாக வெளியேறாமை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம்.

1990-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கூடியவர்கள் போட்ட கோடு கடுமையானது. முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், ஸ்கேன் கணக்கிலேயே இல்லை. 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கூடியவர்கள் மூன்றில் ஏதாவது இரண்டு போதும் என்று தளர்த்தினார்கள். இதில் ஆண்ட்ரோஜன் கூடாத பெண்களும் உள்ளே வந்துவிடுவார்கள், மாதவிடாய்க் கோளாறும் ஸ்கேன் தோற்றமும் இருந்தால் போதும். 2006-இல் ஆண்ட்ரோஜன் மிகுதிக்கான சங்கம் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டது: ஆண்ட்ரோஜன் மிகுதி கட்டாயம், கூடவே மற்ற இரண்டில் ஒன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க 18 முதல் 40 வயதுக்குள் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் எடுத்த ஆய்வு 2024-இல் வெளியானது. அதே பெண்கள், அதே பரிசோதனைகள். 1990 கோட்டின்படி 7.2 சதவீதம், அதாவது 14 பேரில் ஒருவர். 2006 கோட்டின்படி 13.6 சதவீதம், 7 பேரில் ஒருவர். 2003 கோட்டின்படி 19.6 சதவீதம், வாட்ஸப்பில் வருகிற 5-இல் ஒருவர் இதுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது நடு எண். "ஆண்ட்ரோஜன் கூடியதால் பாதிக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர்" என்று கேட்டால் 5-இல் ஒருவர் அதற்குப் பதில் ஆகாது, அதில் ஆண்ட்ரோஜன் சரியாக இருப்பவர்களும் கலந்திருக்கிறார்கள். 14-இல் ஒருவர் என்பதும் ஆகாது, ஆண்ட்ரோஜன் கூடியும் மாதவிடாய் ஓரளவு சீராக வருபவர்கள் அதில் விடுபட்டுவிடுகிறார்கள். உலக அளவில் 10 முதல் 13 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அவர்களில் 70 சதவீதம் வரை இன்னும் கண்டறியப்படாமலே இருக்கலாம் என்றும் சொல்கிறது. எந்தக் கோட்டை எடுத்தாலும் ஒன்று மாறாது, இனப்பெருக்க வயதுப் பெண்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறுகளில் மிகப் பரவலானவற்றில் இது ஒன்று.

மிச்சம் இருப்பவர்கள்

மறுபக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆண்ட்ரோஜன் மிகுதி அறிகுறியோடு வந்த பெண்களுக்கு என்ன காரணம் என்று தேடிய பெரிய ஆய்வுகள் இரண்டு, அமெரிக்காவில் 2004-இல் வந்ததில் 82 சதவீதம் பிசிஓஎஸ், இத்தாலியில் 2006-இல் வந்ததில் 72 சதவீதம். மீதியில் சிலருக்கு முட்டை வெளியேறுவதும் ஸ்கேனும் சரியாக இருந்து ஆண்ட்ரோஜன் மட்டும் கூடியிருந்தது, சிலருக்கு ரத்த அளவுகூடச் சரியாக இருந்து முடிவேர் மட்டும் அதிக உணர்வோடு இருந்தது. சில சதவீதம் பேருக்கு அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதிக் குறை, பார்க்க அச்சு அசல் பிசிஓஎஸ் மாதிரியே இருக்கும், காலையில் எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பிரித்துவிடலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம் உள்ள நம் ஊரில் டாக்டர் இதை மறக்காமல் பார்ப்பது நல்லது, அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் பிள்ளைக்கு நோயாகும்.

ஆண்ட்ரோஜன் சுரக்கும் புற்றுக்கட்டி போன்றவை இரண்டு ஆய்விலுமே 0.2 சதவீதம்தான், ஆயிரத்தில் இரண்டு பேர். மிக அரிது, ஆனால் அது வரும் விதம் வேறு. பிசிஓஎஸ் பூப்பெய்திய வயதிலிருந்து மெதுவாக வருடக்கணக்கில் தெரியும். சில மாதத்துக்குள் திடீரென்று முகம் முழுக்க முடி, குரல் தடித்துப்போவது, முன்நெற்றி வழுக்கை, பெண்குறிக் காம்பு பெரிதாவது என்று வந்தாலோ, மாதவிடாய் நின்றபிறகு புதிதாக ஆரம்பித்தாலோ, அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா

"கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்" என்று அத்தையும் பெரியம்மாவும் சொல்வது அன்பினால்தான். ஆனால் ஆகாது, இன்சுலினுக்குத் தாலி தெரியாது. தள்ளிப்போட்டால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. முட்டை வெளியேறாத மாதங்களில் கருப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும், வருடக்கணக்கில் அப்படி விட்டால் அங்கே புற்று வரும் வாய்ப்பு கூடும். கர்ப்பமாக இல்லாமல் 3 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், பார்க்க வேண்டியதே. சர்க்கரை நோய் சீக்கிரம் வரும் ஆபத்தும் இருப்பதால் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் சிலருக்கு நழுவிவிடும். மனச்சோர்வும் இவர்களிடம் அதிகம், அதையும் வாய்விட்டுச் சொல்லலாம். இந்தக் கோளாறு இருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையோடு குழந்தையும் பிறக்கிறது, பெண் பார்க்க வந்த இடத்தில் மறைக்க வேண்டிய குற்றம் எதுவும் இதில் இல்லை.

பரிசோதனைக்குப் போகும்போது

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியோ, தெரிந்த தனியார் மகளிர் மருத்துவரோ, எங்கே போனாலும் கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் சேர்த்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் அவை கெட்டாலும் மாதவிடாய் தள்ளிப்போகும். ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகளைப் பொதுவாக மாதவிடாய் ஆரம்பித்த 2 முதல் 5 நாளுக்குள் காலையில் எடுப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவாகக் காட்டும், அதனால் மறைக்காமல் சொல்லுங்கள். முகமுடிக்கு மருந்து ஆரம்பித்தால் 6 மாதம் ஆகும் வித்தியாசம் தெரிய, ஒரே மாதத்தில் பலனில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். அதுவரை நூல் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

தலைமுடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். சில லேப் கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு, இல்லாத டெஸ்டோஸ்டிரோனை இருப்பதாகக் காட்டிவிடும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ரத்தம் கொடுக்கப் போகும் முன்பே லேபில் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம்.